ட்ரம் கோரில் வாத்தியார் மாறினால்: புதிதாக வரும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், சனிக்கிழமை இரவு. இண்டியானாபொலிஸ் நகரின் லூக்காஸ் ஆயில் அரங்கில் ட்ரம் கோர் இறுதிப் போட்டியின் கடைசி ஸ்கோரை வாசித்து முடிப்பார்கள். பிள்ளைகள் அழுது, கட்டிப்பிடித்து, விமானம் ஏறி வீடு வந்து மூன்று நாள் தூங்குவார்கள். நான்காம் நாள் எங்கள் வீட்டில் மகளின் போன் அலற ஆரம்பிக்கும். "அப்பா, அவர் போயிட்டாராம்!" யார் போனார், எங்கே போனார், அதற்கு நாம் ஏன் சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறோம் என்று முதல் வருஷம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஊரிலிருந்து பேசிய என் அம்மா மட்டும் தெளிவாகக் கேட்டாள்: "வாத்தியாருக்குச் சம்பளம் பாக்கியா?"

டெக்சாஸில் மார்ச்சிங் பேண்டில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அந்தப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் பதினேழு வயதில் வந்து "கோருக்கு ஆடிஷன் கொடுக்கப் போறேன்" என்பார்கள். கோர் என்பது கோடையில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடும் அணிவகுப்பு இசைக்குழு. எழுத்துக்கூட்டிப் படித்தால் கார்ப்ஸ் என்று வரும், சொல்லும்போது கோர். கார்ப்ஸ் என்று நீங்கள் சொன்னால் பிள்ளைக்கு மானம் போய்விடும், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் போட்டிகளை நடத்துவது ட்ரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ. இதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. ஒரு கோரில் 165 பேர் வரை இருக்கலாம்: ப்ராஸ் (ஊதும் பித்தளைக் கருவிகள்), பெர்கஷன் (தட்டும் கருவிகள்), கலர் கார்டு (கொடி சுழற்றி ஆடுபவர்கள்). 22 வயதோடு ஆட்டம் முடிகிறது. அதற்கு 'ஏஜ் அவுட்' என்று பெயர். மே மாதம் கூடினால் ஆகஸ்ட் வரை பள்ளி ஜிம் தரையில் படுக்கை, பஸ்ஸில் பயணம், வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி. பல கோர்களில் இதற்கு நாம் கட்டும் தொகை 5,000 டாலருக்கு மேல். இத்தனையும் கொடுத்துப் பிள்ளை வாங்கி வருவது பெரும்பாலும் ஒரு வாத்தியாரின் கையிலிருந்துதான். அதனால் வாத்தியார் இடம் மாறும்போது அதைப் படிக்கத் தெரிய வேண்டும். நான் ஆறு கோடைக்காலம் உணவு வண்டியில் முட்டை உடைத்துக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: நாள்காட்டியைப் பிடியுங்கள்

மாற்றம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தோன்றும். அதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. ஃபைனல்ஸ் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் 'நன்றி, விடைபெறுகிறோம்' அறிவிப்புகள் தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் 'வரவேற்கிறோம்' அறிவிப்புகள். நவம்பர், டிசம்பரில் ஆடிஷன். இந்த வரிசைக்குக் காரணம் எளிது. நல்ல பெயருள்ள ஒருவரை எடுத்திருக்கிறோம் என்று ஆடிஷனுக்கு முன்னால் சொன்னால்தான் நல்ல பிள்ளைகள் அந்த வாசலில் நிற்பார்கள். ஆக, அக்டோபர் அறிவிப்பு என்பது பாதி செய்தி, பாதி விளம்பரம். அந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஜனவரிக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். ஆடிஷன் முடிந்து, பணம் கட்டி, மாதாந்தர கேம்ப் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கேப்ஷன் ஹெட், அதாவது ஒரு பிரிவின் தலைமை வாத்தியார், போகிறார் என்றால் அது திட்டமிட்ட மாற்றம் இல்லை. உடல்நலமாக இருக்கலாம், குடும்பமாக இருக்கலாம், உள்ளே சண்டையாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் இடத்தில் யார், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டைரக்டர் மாறினால் தனிக் கணக்கு. அடுத்த இரண்டு மாதம் இன்னும் நாலு பேர் மாறுவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதவியின் பெயரைப் படியுங்கள், ஆளின் பெயரை அப்புறம்

பிள்ளைகள் ஆளின் பெயரைப் பார்த்துத்தான் துள்ளுவார்கள். நாம் பார்க்க வேண்டியது அவர் என்ன வேலைக்கு வருகிறார் என்பது.

நிகழ்ச்சியை எழுதுகிறவர்கள் ஒரு பக்கம்: மொத்தக் கருத்தையும் கட்டும் ப்ரோகிராம் கோஆர்டினேட்டர், ப்ராஸுக்கும் பெர்கஷனுக்கும் இசையை எழுதும் அரேஞ்சர்கள், மைதானத்தில் யார் எந்த எண்ணிக்கையில் எங்கே நிற்க வேண்டும் என்று வரையும் ட்ரில் டிசைனர். இவர்களில் சிலரைப் பிள்ளை கோடை முழுவதும் மூன்று தடவைதான் பார்க்கும். சொல்லிக்கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம்: ஒரு பிரிவு முழுவதற்கும் பொறுப்பான கேப்ஷன் ஹெட், அவருக்குக் கீழே டெக்குகள். டெக் என்பவர் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பையனாகவோ பெண்ணாகவோ இருப்பார். போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ ஏஜ் அவுட் ஆனவர். காலை எட்டு மணிக்கு உங்கள் பிள்ளையின் முழங்கால் மடங்குகிறதா என்று பார்ப்பவர் அவர்தான். இரவு பத்து மணிக்கு "இன்னொரு தடவை" என்று சொல்பவரும் அவரே.

ஆகவே ஒரு பெரிய அரேஞ்சர் வருகிறார் என்றால் ஷோ மாறும். பிள்ளையின் நாள் மாறாது. டெக்குகள் கூட்டமாக மாறினால் ஷோ மாறாமல் இருக்கலாம்; பிள்ளையின் நாள் தலைகீழாகும். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

'கன்சல்டன்ட்' என்ற சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் வாசிப்பது மெலோஃபோன் என்ற ப்ராஸ் கருவி. அவள் உயிராய் மதித்த ஒருவர் ஒரு கோருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், இருந்த இடத்தை விட்டுவிட்டு அங்கே ஆடிஷன் கொடுத்தாள். இடமும் கிடைத்தது. அந்தக் கோடையில் அவர் வந்தது மொத்தம் நான்கு நாள். யார் மேலும் தப்பில்லை; அறிவிப்பிலேயே கன்சல்டன்ட் என்றுதான் போட்டிருந்தது. நாங்கள் பெயரைப் படித்தோம், அதற்கு அடுத்த சொல்லைப் படிக்கவில்லை.

எத்தனை நாள் இருப்பார்?

இதுதான் நான் எல்லாப் பெற்றோரையும் கேட்கச் சொல்லும் கேள்வி. கோர் தரும் தொகையை மட்டும் வைத்து இவர்களில் பெரும்பாலோர் குடும்பம் நடத்த முடியாது. அவர்கள் உயர்நிலைப் பள்ளி பேண்ட் டைரக்டர்கள், கல்லூரி ஆசிரியர்கள், பல பள்ளிகளுக்கு இசையும் ட்ரில்லும் எழுதிக் கொடுப்பவர்கள். குளிர்காலத்தில் இன்டோர் பெர்கஷன், வின்டர் கார்டு குழுக்களையும் நடத்துவார்கள். அவை ஏப்ரலில் ஒஹையோவின் டேட்டனில் நடக்கும் டபிள்யூஜிஐ என்ற உள்ளரங்கப் போட்டிக்குப் போகிறவை.

இதில் டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பள்ளி பேண்டுகளின் கோடைப் பயிற்சி ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் நாட்களிலோ தொடங்கிவிடும். கோர் சீசன் உச்சத்துக்குப் போவதும் அதே வாரங்களில்தான். பள்ளி வேலையில் இருக்கும் வாத்தியார் பாதியில் டூரை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். மே மாதக் கொதிக்கும் வெயிலில் கூடவே நின்றவர், கடைசிப் பத்து நாளில் தப்புகளைக் களைந்து ஷோவை 'க்ளீன்' பண்ணும் நேரத்தில் வீடியோவைப் பார்த்துக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருப்பார். புதிதாக வருபவர் எந்த ஊர்க்காரர், பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால் இதைப் பாதி ஊகித்துவிடலாம். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "ஸ்ப்ரிங் ட்ரெயினிங் (டூருக்கு முந்தைய தொடர் பயிற்சி) முழுக்க இருப்பாரா? ஆகஸ்டில் யார் பொறுப்பு?" கேட்டால் கோபித்துக்கொள்ளும் கோரை நான் இதுவரை பார்க்கவில்லை. மழுப்பும் கோர்களைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் தாளில் அவர் எங்கே இருக்கிறார்?

இது கணக்குப் பிரியர்களுக்கான பகுதி. தமிழ் அப்பாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கும்தான்.

மொத்தம் 100. அதில் ஜெனரல் எஃபெக்ட் என்ற ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40. விஷுவல் என்ற காட்சிப் பக்கத்துக்கு 30, இசைக்கு 30. இசையில் ப்ராஸ், பெர்கஷன், இசையை மொத்தமாகப் பார்க்கும் மியூசிக் அனாலிசிஸ் மூன்றுக்கும் ஆளுக்கு 20 வீதம் போட்டு, கூட்டிப் பாதியாக்குவார்கள். விஷுவலிலும் அப்படியே: விஷுவல் ப்ரொஃபிஷியன்சி, விஷுவல் அனாலிசிஸ், கலர் கார்டு. அதாவது பெர்கஷனுக்கு நேரடியாகச் சேருவது நூற்றில் பத்து. உலகமே கொண்டாடும் ஒரு பெர்கஷன் வாத்தியார் வந்து, 18.0 வாங்கிய கோரை ஒரே வருஷத்தில் 19.0-க்குத் தூக்கினாலும் மொத்த ஸ்கோரில் ஏறுவது அரைப் புள்ளி. அனாலிசிஸிலும் எஃபெக்டிலும் அவர் வேலை மறைமுகமாகத் தெரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரே ஒருவர் வந்து பத்தாம் இடத்தைப் பட்டமாக மாற்றிவிடுவார் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒவ்வொரு பிரிவு மதிப்பெண்ணும் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தது என்ன என்பதற்கு. மற்றது அதை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு. 'ரீகேப்' என்ற பெயரில் டிசிஐ வெளியிடும் தாளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒரு வாத்தியார் கிளம்புகிறார் என்றால், அவர் இருந்த கோரின் கடைசி மூன்று வருஷ ரீகேப்பை எடுத்து அவருடைய பிரிவின் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மற்ற கோர்களைவிட வேகமாக ஏறியிருந்தால், அவர் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். ஜூனிலேயே உயரத்தில் தொடங்கி அங்கேயே நின்றிருந்தால், நல்ல பிள்ளைகள் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். இது என் சொந்தக் கைமுறை. ஜட்ஜுகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் இதைத் தங்கம் நிறுக்கும் தராசாக நினைக்க வேண்டாம்.

1983 வரை இந்தத் தலைவலியே இல்லை. அப்போது 'டிக்' முறை: தப்பு கண்ணில் பட்டால் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போச்சு. வாத்தியாரின் திறமை தப்பை அழிப்பதில் இருந்தது. இப்போது செய்ததற்குப் புள்ளி கூட்டிக் கட்டியெழுப்பும் முறை வந்துவிட்டது. ஆனாலும் 'க்ளீன்' என்ற சொல் அந்தக் காலத்துப் பேயாக ரிஹர்சலில் இன்னும் உலவுகிறது.

தனியாக வந்தாரா, கூட்டமாக வந்தார்களா?

என்னைக் கேட்டால், மாற்றங்களைப் படிப்பதில் முக்கியமானது இதுதான். ஒரு வாத்தியார் தன் கையை மட்டும் கொண்டுவருவதில்லை. தன் மொழியைப் பேசும் டெக்குகளை, தன் பயிற்சித் தாள்களை, சில நேரம் தன் பிள்ளைகளையும் கொண்டுவருகிறார். இவை சேர்ந்து வந்தால் புதிய இடத்தில் வேர் சீக்கிரம் பிடிக்கிறது.

ஜார்ஜ் ஸிங்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து 27-வது லேன்சர்ஸில் பேர் வாங்கி, பிறகு நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸுக்கு ட்ரில் எழுதினார். கேடட்ஸ் 1983, 1984, 1985 மூன்று வருஷமும் பட்டம் வாங்கியது. அடுத்து இண்டியானாவில் 1980-களின் நடுவில்தான் புதிதாகப் பிறந்திருந்த ஸ்டார் ஆஃப் இண்டியானாவுக்குப் போனார். கேடட்ஸின் அந்தப் பொற்காலத்து ப்ராஸ், பெர்கஷன் ஆசிரியர்களில் சிலரும் வெவ்வேறு வருஷங்களில் அதே பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1991-ல் ஸ்டார் பட்டம் வென்றது. மைதானத்தில் ஆட்கள் நின்று அமைத்த ஒரு சிலுவை உடையாமல் இன்னொரு சிலுவையாக மாறும் அந்த வருஷத்து நகர்வை இன்றும் பிள்ளைகள் யூடியூபில் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். அடுத்த வருஷம் ஸிங்காலி இறந்துபோனார். சிறந்த கலர் கார்டுக்கு டிசிஐ கொடுக்கும் விருது அவர் பெயரில்தான். ப்ராஸ் விருது ஜிம் ஆட் பெயரில், பெர்கஷன் விருது ஃப்ரெட் சான்ஃபோர்ட் பெயரில். விருதுக்கு எந்தக் கோரின் பெயரையும் வைக்காமல், சொல்லிக்கொடுத்தவர்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த சான்ஃபோர்ட் பெர்கஷன் சொல்லிக்கொடுத்த இடம் கலிஃபோர்னியாவின் சான்டா க்ளாரா வேன்கார்ட். இலினாயின் ஃபேன்டம் ரெஜிமென்டில் பல வருஷம் இருந்த பால் ரென்னிக், சான்டி ரென்னிக் தம்பதி 2011 சீசனுக்கு அங்கே போனார்கள். கணவனும் மனைவியுமாக, பேட்டரியும் (சுமந்து நடந்தபடி வாசிக்கும் மேளங்கள்) ஃப்ரண்ட் என்செம்பிளும் (மைதானத்தின் முன்னால் நிறுத்தி வாசிக்கும் கருவிகள்) ஒரே சிந்தனையில். ஃபேன்டமின் சத்தம் அப்படியே சான்டா க்ளாராவில் கேட்கிறது என்று முதல் வருஷம் பலர் சொன்னார்கள். பிறகு அது சான்டா க்ளாராவின் சத்தம் ஆகிவிட்டது. 2018-ல் வேன்கார்ட் பட்டமும் வாங்கி, சான்ஃபோர்ட் பெயரிலான விருதையும் வாங்கியது. வந்ததிலிருந்து எண்ணினால் எட்டாவது கோடை.

கூட்டமாக மாறுவதற்கு அண்மைய உதாரணம் பாஸ்டன் க்ருசேடர்ஸ். 1940-ல் தொடங்கிய பழைய கோர் அது; 2016-ல் பன்னிரண்டாம் இடம். அந்த இலையுதிர் காலத்தில் கேடட்ஸிலிருந்து ப்ராஸ், பெர்கஷன், விஷுவல் என்று பல பிரிவுத் தலைகள் ஒன்றாக அங்கே இடம்பெயர்ந்தார்கள். பின்னாலேயே பிள்ளைகளும் போனார்கள். 2017-ல் ஆறாம் இடம். ஒரே வருஷத்தில் ஆறு படி. ஆனால் முதல் பட்டம் வந்தது 2025-ல். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். கூட்டமாக வந்தால் முதல் தாவல் உடனே வரும். உச்சிக்கு எட்டு ஒன்பது வருஷம் பிடிக்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கலிஃபோர்னியா காங்கார்டின் ப்ளூ டெவில்ஸ் 2023 வரை 21 பட்டம் வாங்கியிருக்கிறது. அவர்களின் ப்ராஸ் அரேஞ்சர் வெய்ன் டௌனி 1970-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். யாரையும் எங்கிருந்தும் தூக்காமல், உள்ளே வளர்த்தவர்களையே ஸ்டாஃப் ஆக்கிக்கொள்வதும் ஒரு வழி. அங்கே அக்டோபர் அறிவிப்புகள் சப்பென்று இருக்கும். அந்தச் சப்புதான் பலம்.

இதில் நம் பிள்ளைக்கு என்ன? வாத்தியாரின் கடிகாரமும் பிள்ளையின் கடிகாரமும் வேறு. அவருக்கு எட்டு வருஷம் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மிஞ்சி மூன்று கோடை. தனியாக இடம் மாறும் வாத்தியாரின் பின்னால் போகிறவள், அவர் அங்கே எல்லாவற்றையும் கலைத்து அடுக்கும் காலத்திலேயே ஏஜ் அவுட் ஆகிவிடலாம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டும்போது கூட இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

கை மறக்க வேண்டியவை

வாத்தியார் மாறினால் உடம்பு மாற வேண்டும். ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடப்பது எல்லாருக்கும் பொது. ஒரு காலடி 22.5 அங்குலம். ஆனால் அந்தக் காலடியை முட்டி மடக்காமல் வைப்பதா, மடக்கி வைப்பதா, பாதத்தின் முன்பகுதி எவ்வளவு தூக்க வேண்டும் என்பதில் கோருக்குக் கோர் சம்பிரதாயம் வேறு. ஸ்னேர் என்ற மேளத்தில் குச்சியை எந்த விரல்களுக்கு இடையே பிடிப்பது, எத்தனை அங்குலம் தூக்குவது, ப்ராஸில் மூச்சை எங்கிருந்து இழுப்பது எல்லாம் அப்படியே.

இருந்த இடத்திலேயே இருந்து வாத்தியார் மாறினால் இது இன்னும் கடினம். புதிய பிள்ளைகள் காலித் தாளாக வருவார்கள். நம் பிள்ளை பழையதை அழித்துவிட்டு எழுத வேண்டும். போன வருஷம் வரிசையில் முதலாவதாக நின்றவள் டிசம்பர் கேம்பில் தடுமாறுவதைப் பார்த்தால் பதற வேண்டாம்.

ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். ஆடிஷனுக்கு முன்னால் ஒவ்வொரு கோரும் பயிற்சித் தாள் வெளியிடும்; பாக்கெட் என்பார்கள். போன வருஷத்துப் பாக்கெட்டையும் இந்த வருஷத்துப் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சின்னம் மட்டும் மாறி உள்ளே அதே பயிற்சிகள் இருந்தால், புதியவர் ஏற்கெனவே கட்டிய வீட்டில் குடியேறியிருக்கிறார். அவருடைய பழைய கோரின் பாக்கெட்டை நினைவூட்டினால், வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். இதைச் சொல்லிக்கொடுத்தது என் மகள். எனக்கு இசைக்குறிப்பு படிக்கவே தெரியாது. இருந்தும் வித்தியாசம் தெரிந்தது.

போன காரணம்

அறிவிப்புகளில் காரணம் இருக்காது. 'புதிய வாய்ப்புகளை நோக்கி' என்றிருக்கும். பெரும்பாலும் அது உண்மையிலேயே சாதாரணமானது: குழந்தை பிறந்திருக்கும், பள்ளியில் பதவி உயர்வு வந்திருக்கும், மாதாமாதம் விமானம் ஏறி அலுத்திருக்கும். ஷோ எப்படி இருக்க வேண்டும் என்பதில் டைரக்டரோடு ஒத்துப்போகாமல் போனவர்களும் உண்டு.

சில சமயம் காலடித் தரையே போய்விடும். சான்டா க்ளாரா வேன்கார்ட் பண நெருக்கடியால் 2023 சீசனில் இறங்கவில்லை. 2024-ல் திரும்பி வந்தது. 1934-ல் தொடங்கி டிசிஐயில் பத்துப் பட்டம் வாங்கிய கேடட்ஸ் 2024 ஏப்ரலில் கதவைச் சாத்தியது. ஏப்ரல் என்றால் சீசனுக்கு ஒரு மாதம் முன்னால். வாத்தியார்களும் பிள்ளைகளும் கிடைத்த இடத்துக்குச் சிதறினார்கள். இப்படி வந்து சேர்ந்தவரை 'தாவியவர்' என்று பேசாதீர்கள். அவருக்குத் தாவ இடம் இருந்ததே பெரிது.

இன்னொரு வகைக் காரணத்தைப் பற்றிச் சங்கடப்படாமல் பேச வேண்டும். 2018-ல் ஒரு புகழ்பெற்ற கோரின் நெடுங்கால டைரக்டர் மீது பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டு வைத்தார்கள். அவர் பதவி விலகினார். அதன் பின் இந்த உலகம் முழுவதிலும் பின்னணிச் சோதனை, நடத்தை விதிகள், புகார் செய்யும் வழி பற்றிய பேச்சு மாறியது. இருந்தாலும் ஓர் இடத்தில் சத்தமில்லாமல் விலகியவர் இன்னோர் இடத்தில் சத்தமில்லாமல் சேர்வது எந்தத் துறையிலும் நடக்கக்கூடியது. புதிய ஸ்டாஃபுக்குப் பின்னணிச் சோதனை முடிந்துவிட்டதா, பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் கோருக்கு வெளியே யாரிடம் சொல்லலாம், டெக்குகளும் பிள்ளைகளும் தனிச் செய்தி அனுப்பிக்கொள்வதற்கு என்ன விதி என்று எழுத்தில் கேளுங்கள். டெக்சாஸ் பள்ளியில் வேலை பார்ப்பவர் என்றால் அவருடைய ஆசிரியர் சான்றிதழ் நிலையை மாநிலக் கல்வி முகமையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. "நம்ம ஊர்ல வாத்தியாரை இப்படிச் சந்தேகப்படுவாங்களா" என்று என் மனைவியின் தோழி கேட்டார். நம் ஊரிலும் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

பின்னால் போவதா, இருப்பதா?

ஆடிஷனுக்கு இரண்டு இடத்திலும் போகலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்கள். கேம்பில் ஒரு வார இறுதி இருந்து பார்த்தால், பத்து அறிவிப்பு படிப்பதைவிட அதிகம் தெரிந்துவிடும். பிள்ளையிடம் "வாத்தியார் எப்படி?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்று ஒரு சொல் வரும். "டெக் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரா? தப்பு பண்ணினவனிடம் என்ன சொன்னார்? சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் விட்டார்கள்?" என்று கேளுங்கள். கதை கதையாக வரும்.

காண்ட்ராக்ட் கையில் வந்தால் பணம் பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். பிள்ளை விலகினால் என்ன திரும்பும், கோரே சீசனை ரத்து செய்தால் என்ன திரும்பும் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டாவதற்குப் பல காண்ட்ராக்டுகளில் பதிலே இருக்காது. கேட்டு மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். கேப்ஷன் ஹெட் மாறினால் பணம் திரும்புமா என்று நான் ஒரு தடவை கேட்டேன், சிரித்தார்கள். அதற்குத் திரும்பாது.

தீர்மானம் எடுத்ததும் விட்டுப்போகும் இடத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அந்த இடத்துக்காக ஒரு பிள்ளை எங்கோ காத்திருக்கிறது. அதோடு இது மிகச் சின்ன உலகம். இன்றைக்கு விட்டுப்போகும் வாத்தியார் அடுத்த பிப்ரவரியில் டபிள்யூஜிஐ போட்டியில் ஜட்ஜாக உட்கார்ந்திருப்பார். நாளைக்கு உங்கள் பெண் டெக் வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

என் மகள் கடைசி வருஷத்துக்கு இடம் மாறினாள். பழைய ப்ராஸ் வாத்தியாருக்கு மூன்று வரியில் செய்தி எழுத ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். அனுப்பிய பத்தாவது நிமிஷம் பதில் வந்தது. அவள் முதலில் தானே படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி: அங்கே போனதும் மவுத்பீஸை மாற்றச் சொல்வார்கள், ஒரு மாதம் பொறுத்து மாற்று.